"பிரேக்கைத்தான்ணா பிடிச்சிட்டு இருக்கேன்!"

போன ஞாயிற்றுக்கிழமை காலை. லஸ் கார்னரிலிருந்து மந்தைவெளி நோக்கி, ராமகிருஷ்ண மடம் சாலையில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் பெரியம்மா மகன். வண்டி அவனுடையது. எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே ஸ்கூட்டர்தான். பைக் கற்றுக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது.

முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. அதன் ஓரமாக, கீரைப் பையோடு ஒரு பாட்டி சாலையில் இறங்கினார்.

"பிரேக்கைப் பிடிடி!"

"பிரேக்கைத்தான்ணா பிடிச்சிட்டு இருக்கேன்!"

நான் இறுக்கிப் பிடித்திருந்தது கிளட்ச்! கடைசி நொடியில் வலது கால் பிரேக்கைத் தேடி மிதித்தது. பாட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. "பார்த்து வாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

ஸ்கூட்டரில் இடது கைப்பிடி, பிரேக். பைக்கில் அதே இடத்தில் கிளட்ச். இது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால், கைக்குத் தெரியவில்லை!

ஏன் இப்படி? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. திரையில் ஒரு குறி வந்தால் அதற்கான பொத்தானை அழுத்த வேண்டும். இதை நாள்கணக்கில் பழக்கிவிட்டு, சில பொத்தான்களை இடம் மாற்றினார்கள். யோசிக்க அவகாசம் கொடுத்தபோது சரியாக அழுத்தியவர்கள், அவசரப்படுத்தியபோது பழைய பொத்தானுக்கே போனார்கள்.

அதாவது, பழைய அசைவு மூளையில் முதலில் தயாராகிவிடுகிறது. புதியது சில நூறு மில்லி நொடிகள் தாமதமாக வந்து, அதைத் தள்ளிவிட்டு உட்கார வேண்டும். அதற்குள் கை கிளம்பிவிட்டால், பழக்கம்தான் ஜெயிக்கும்.

கிளம்பும் கையை நிறுத்த முடியாதா? முடியும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா வழியாக 'நில்' என்று உத்தரவு அனுப்புகிறது. அது வேலை செய்யவே சுமார் கால் நொடி ஆகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியின் ஆய்வுக்குழு, கண்ணையும் கையையும் மூளை இப்படி எப்படித் தடுக்கிறது, எப்படித் திசைமாற்றுகிறது என்பதைத்தான் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது.

கால் நொடிதானே என்று நினைக்காதீர்கள். 40 கி.மீ வேகத்தில் போகும் வண்டி, அரை நொடியில் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். அந்தப் பாட்டி நின்றது அதைவிடப் பக்கத்தில்.

சென்னைக்கு இது புதுப் பிரச்னையும் இல்லை. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுகளில் பிரேக் இடது காலில், கியர் வலது காலில் இருக்கும். மற்ற பைக்குகளில் அப்படியே தலைகீழ். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிய மாமா, சித்தப்பா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்... கதை கதையாகச் சொல்வார்கள்.

என்ன செய்யலாம்? வண்டி மாறினால், ஆளில்லாத தெருவில் பத்து நிமிடம் பிரேக்கை மட்டும் பிடித்துப் பழகுங்கள். 'வலது கை, வலது கால்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது போதாது. கையும் காலும் செய்து பார்க்க வேண்டும். முக்கியமாக, முன்னால் போகும் வண்டியிலிருந்து தள்ளியே போங்கள். அந்த இடைவெளிதான், புதிய பழக்கம் பழையதை முந்துவதற்கு நீங்கள் கொடுக்கும் அவகாசம்.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு, எங்கள் தெருவில் பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாசலில் கோலம் போடும் எதிர்வீட்டு மாமி, "வண்டியில ஏதாவது கோளாறாம்மா?" என்று கேட்டார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு மாமி. கையைத்தான் ரிப்பேர் பண்ணிட்டு இருக்கேன்!"