கணினித் திரையில் கணிதம்

நான்கு என்னும் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாக எழுதலாம். இதனை எண் பிரிவினை என்பர். எண் வளர வளர வகைகளும் மலையெனப் பெருகும். 200 என்னும் எண்ணுக்கு அவை ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி. கணினி இல்லாக் காலத்தில் மக்மேகன் என்னும் அறிஞர் 200 வரையிலான பிரிவினைகளைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணையாக்கினார். அவ்வட்டவணையை இராமானுஜன் உற்று நோக்கினார். 4, 9, 14, 19 ஆகிய எண்களுக்குரிய பிரிவினைகள் 5, 30, 135, 490. அனைத்தும் ஐந்தால் வகுபடுகின்றன! இவ்வொழுங்கு என்றும் தொடரும் என்பதைப் பின்னர் அவரே நிறுவினார்.

முதலில் கண்டார், பிறகே நிறுவினார். பல்கலைக்கழகக் கணிதக் கல்வி பெரும்பாலும் இவ்வரிசையின் முற்பாதியை மாணவருக்குக் காட்டுவதில்லை. தேற்றத்தைக் கூறுக, நிறுவுக என்பதோடு தேர்வு முடிந்துவிடுகிறது. மாணவர் சமைத்த சோற்றை உண்ணும் விருந்தினராகவே இருக்கின்றனர். அடுப்பங்கரையை அவர்கள் பார்ப்பதே இல்லை.

அடுப்பங்கரைக் கதவைக் கணினி திறக்கிறது. மக்மேகனின் அட்டவணையைப் பைதான் மொழியில் எழுதிய சில வரி நிரல் நொடிப்பொழுதில் தந்துவிடும். காட்சிப்படுத்தலின் பயனோ இதனினும் வியப்பானது. 1963ஆம் ஆண்டில் உலாம் என்னும் அறிஞர், ஒரு சொற்பொழிவைக் கேட்டவாறே (அது அவருக்குச் சுவைக்கவில்லை போலும்!) எண்களைச் சுருள் வடிவில் எழுதிப் பகா எண்களைக் குறித்தார். அவை மூலைவிட்டக் கோடுகளில் திரண்டு நின்றன. பின்னர்க் கணினி வரைந்த பெரிய படத்திலும் அக்கோடுகள் தெரிந்தன. அதன் முழுக் காரணம் இன்றளவும் நிறுவப்படவில்லை.

கணினி வந்தால் சிந்தனை மழுங்கும் என்போர் உளர். பிறர் எழுதிய நிரலை இயக்கிப் படத்தை மட்டும் ஒட்டி வைக்கும் வகுப்பில் அக்கூற்று மெய்யே. கண்ணை நம்பி ஏமாறுவதும் எளிது. n²+n+41 என்னும் கோவையில் n-க்கு 0 முதல் 39 வரை இட்டால் பகா எண்களே கிடைக்கும். 40 இட்டால் 41-இன் வர்க்கமாகிய 1681 வந்து நிற்கும். முப்பதோடு நிறுத்தியவர் பொய்யை மெய்யென எழுதியிருப்பார். போல்யா 1919இல் முன்வைத்த ஒரு கருதுகோளோ 90 கோடி எண்களைக் கடந்தும் பிழையின்றி நின்று, 90,61,50,257 என்னும் எண்ணில்தான் முதன்முதலாகப் பொய்த்தது.

ஆகவே, நிரலை இயக்குமுன் தம் ஊகத்தை மாணவர் ஏட்டில் எழுதவேண்டும். ஊகம் உடைந்தால் எங்கே உடைந்தது எனவும், உடையாவிடில் ஏன் உடையவில்லை எனவும் எழுதவேண்டும். உடைந்த ஊகத்துக்கும் மதிப்பெண் உண்டு எனப் பல்கலைக்கழகங்கள் அறிவித்தாலன்றி இப்பழக்கம் வேரூன்றாது. பைதானும் ஜியோஜீப்ராவும் மாணவருக்கு விலையின்றிக் கிடைப்பதால், மென்பொருள் வாங்கப் பொருளில்லை என்னும் காரணம் இங்கே செல்லாது. வினாத்தாளில் ஓர் இடம் போதும். 5, 12, 19, 26 ஆகிய எண்களின் பிரிவினைகள் முறையே 7, 77, 490, 2436. இவற்றில் காணும் ஒழுங்கு யாது? அது 33-க்கும் பொருந்துமா?