கேள்வி ஞானமும் கேள்வியும்

‘கேள்’ என்னும் ஒரு சொல்லே தமிழில் செவிமடுத்தலையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும். முறையாகப் பாடம் பயிலாது, கேட்டுக் கேட்டே இசையறிவு பெற்றோரைக் ‘கேள்வி ஞானம்’ உடையோர் என்று நம்மவர் சிறப்பித்துக் கூறுவர். சென்ற நூற்றாண்டில் தமிழகத்துச் சிற்றூர்களில் கேள்வி ஞானத்தைப் பரப்பிய பெருமை பெரிதும் வானொலியையே சாரும். சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் அகில இந்திய வானொலியின் நிலையங்களாக ஒலிபரப்பைத் தொடங்கிய பின்னரே, சபாக்களின் வாயிலை மிதித்தறியாத எளிய மக்களும் காம்போதியையும் கல்யாணியையும் இனங்கண்டு கொண்டனர். அவ்வானொலி ‘கேள்’ என்பதன் முதற்பொருளை நமக்குக் கற்பித்தது. இரண்டாம் பொருளை, அஃதாவது வினவுதலை, அதே அளவுக்குக் கற்பித்ததா என்பதே என் ஐயம்.

இசை கேட்பது பற்றி நம் சமுதாயப் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கை ஈண்டு எடுத்துரைக்க நான் முற்படவில்லை. ஒருவரிடம் ஒரு பெரும் வித்தை இருக்கும்போது அவரை எங்ஙனம் வினவ வேண்டும் என்பது மட்டுமே என் பொருள்.

மரபிசை நிகழ்ச்சிகளை வழங்கும் அறிவிப்பாளர்களைப் பற்றி நேயர்கள் கூறும் குறைகள் பலவாகும். இராகத்தின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாமே கண்டுகொள்ளும் இன்பம் போய்விடுகிறது என்பார் சிலர். சொல்லாவிட்டால் எங்களைப் போன்றோர் எவ்வாறு கற்பது என்பார் வேறு சிலர். ழகர ளகரப் பிழைகளைக் கேட்டு நெஞ்சு நொந்து நிலையத்துக்கு மடல் எழுதுவாரும் உளர். பாட்டு முடிந்த அக்கணமே, தம்பூராவின் ஒலி அடங்குமுன், அறிவிப்பாளரின் குரல் குறுக்கிடுவதைப் பொறாதவர் மற்றொரு சாரார். இவர்களோடு நானும் உடன்படுகிறேன். இத்தகைய மனக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1946இல் தொடங்கிய பி.பி.சி.யின் மூன்றாம் நிகழ்ச்சியே 1967இல் ரேடியோ 3 எனப் பெயர் பெற்றது. 1992இல் கிளாசிக் எஃப்.எம். என்னும் வணிக நிலையம் தோன்றியபின், அதனோடு போட்டியிடும் ஆவலில் ரேடியோ 3 அறிவிப்பாளரும் அரட்டையடிக்கத் தொடங்கிவிட்டனர் என்று அந்நாட்டு நேயர்கள் வருந்தியதுண்டு.

ஆயினும் இவையெல்லாம் சிறு குறைகளே. உச்சரிப்பைத் திருத்திக் கொள்ளலாம். அறிவிப்பைச் சுருக்கிக் கொள்ளலாம். கலைஞரைப் பேட்டி காணும்போது நேரும் குறையோ அத்தகையதன்று. அங்கு இழந்தது திரும்பக் கிடைப்பதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், முதிய நாகசுர வித்துவான் ஒருவரின் நேர்முகத்தை வானொலியில் கேட்டேன். பேட்டி கண்டவர் நல்ல தமிழறிந்தவர், குரலும் இனியது. ஆனால் அவருடைய வினா ஒவ்வொன்றும் ஒரு சிறு சொற்பொழிவாக இருந்தது. வித்துவானின் குரு இன்னார், அவர் இன்ன ஆலயத்தில் வாசித்தார், கேட்டோர் இவ்வாறு உருகினர் என்றெல்லாம் தாமே கூறிவிட்டு, ‘அப்படித்தானே ஐயா?’ என்று முடித்தார். வித்துவான் ‘ஆமாங்க’ என்றார். இவ்வாறு நான்கைந்து ‘ஆமாங்க’ கழிந்தபின், அம்முதியவர் தாமாகவே சீவாளியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மழைக் காலத்தில் அது ஈரம் குடித்துக் கனத்துப் போகும் என்றும், அந்நாளில் தம் ஆசிரியர் அதைப் பதப்படுத்த ஒரு வழி வைத்திருந்தார் என்றும் சொல்லி, ‘அது என்னன்னா…’ என்று இழுத்தார். உடனே பேட்டியாளர், ‘நேரம் நெருங்கிக்கொண்டிருக்கிறது, தாங்கள் பெற்ற விருதுகளைப் பற்றி நேயர்கள் அறிய விரும்புவார்கள்’ என்றார். வித்துவானும் பணிவுடன் விருதுகளைச் சொன்னார். அவர் இன்று இல்லை. அவ்விருதுகளின் பட்டியல் எங்கேனும் அச்சில் இருக்கும். சீவாளி பற்றி அவர் சொல்ல வந்தது எங்கே இருக்கிறது?

தமிழ்த்துறை மலரில் எழுதுவதால் நன்னூலாரைத் துணைக்கு அழைப்பது பொருந்தும். அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினாவை ஆறாகப் பகுத்தார் பவணந்தியார். நம் வானொலிப் பேட்டிகளில் மிக்கிருப்பது கொடைவினாவே என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. இலக்கணத்தில் அது ஒரு பொருளைக் கொடுத்தற்பொருட்டுக் கேட்கும் வினா. இங்கோ புகழ்மொழியைக் கொடுத்தற்பொருட்டுக் கேட்கிறார்கள். அறியா வினாவும் குறைவன்று. கலைஞரின் ஆசிரியர் யார், சொந்த ஊர் எது என்று அவரிடமே கேட்பது, வருமுன் ஒரு நாழிகை படித்துவிட்டு வந்திருந்தால் தேவைப்படாத வினாவாகும். ஏவல்வினாவோ இசைப்பேட்டிக்கு இன்றியமையாதது. ‘அந்தப் பிடியைச் சற்று வாசித்துக் காட்டுகிறீர்களா?’ என்னும் ஒரு வரி, அரைமணி நேர வருணனையை விட மேலானது. அதைக் கேட்பார் மிகச் சிலரே என்பது என் துயரம்.

விடை எட்டனுள் ‘உற்றது உரைத்தல்’, ‘இனமொழி’ ஆகிய இரண்டும் என் உள்ளத்தைக் கவர்ந்தவை. ‘ஆடினாயா?’ என்றால் ‘கால் வலிக்கிறது’ என்பது முன்னது, ‘ஆடுவாயா?’ என்றால் ‘பாடுவேன்’ என்பது பின்னது. முதிய கலைஞர்கள் பெரும்பாலும் இவ்வாறே விடை பகர்வர். ‘இந்த இராகத்தில் தங்களுக்குத் தனி ஈடுபாடு உண்டா?’ என்று கேட்டால், சிறு வயதில் நடந்துசென்ற ஒரு திருவிழாவின் கதையைச் சொல்வர். ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் நேர்விடையும் மறைவிடையுமே விடை என்று எண்ணும் பேட்டியாளர், அவர் வழி தவறிப் பேசுவதாகக் கருதி இடைமறிக்கிறார். அந்தக் கதைக்குள்ளேதான் விடை இருக்கிறது என்பதை அவர் உணர்வதில்லை.

எஞ்சி நிற்பது அறிவினா. ஆசிரியர் தாம் அறிந்ததனையே மாணவனிடம் கேட்பது என்று அதற்கு உரை கூறுவர். ஹதீஸ் பயின்றோர் இதனினும் நுட்பமான ஒரு வகையை அறிவர். வானவர் ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முன் அமர்ந்து, இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன, இஹ்ஸான் என்றால் என்ன என்று வினவிய நிகழ்ச்சியைக் கூறுகின்றேன். விடை கேட்டபின் ‘உண்மை உரைத்தீர்’ என்று அவரே உறுதி செய்ததைக் கண்டு தோழர்கள் வியந்தனர். அறியாதவர் அல்லர் அவர். அறியாமையால் வினவவும் இல்லை. சூழ இருந்தோர் கற்றுக்கொள்வதற்காகவே வினவினார். வானொலிப் பேட்டியாளரின் நிலைக்கு இதனினும் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அவர் அறிந்திருக்க வேண்டும்; அறிந்ததைக் காட்டிக் கொள்ளலாகாது. வினா சுருங்கியிருக்க வேண்டும். விடை முடிந்தபின் ஒரு சொல் போதும்.

எஸ். இராஜம் சென்னை நிலையத்திலும் பாலமுரளி கிருஷ்ணா விஜயவாடா நிலையத்திலும் பணிபுரிந்தனர். இசை வல்லாரே நிலையத்துக்குள் இருந்த காலம் அது. இன்று பல இடங்களில் அன்றாட ஊதியம் பெறும் தற்காலிக அறிவிப்பாளர்களே நிகழ்ச்சி நடத்துகின்றனர். காலையில் வேளாண் செய்தி வாசித்தவர் மாலையில் மிருதங்க வித்துவானை எதிர்கொள்ள நேரிடுகிறது. அவர்மீது மட்டும் பழி சுமத்துவது அறமாகாது. 2016ஆம் ஆண்டு சனவரி 26இல் வானொலி, மரபிசைக்கென்றே ‘ராகம்’ என்னும் இருபத்து நான்கு மணிநேர அலைவரிசையைத் தொடங்கியது. பாட்டுக்கு நேரம் ஒதுக்கத் தெரிந்த நிறுவனம், பேட்டியாளரைப் பயிற்றவும் ஒரு வழி காணலாகாதா?

நம்மவர் பெரிதும் மதித்த ஒருவரைச் சான்றாகச் சுட்டுவேன். ஆந்திரத்தின் கரவதியில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிபு, தஞ்சைப் பாணியை நாடித் தமிழகம் வந்து, நாச்சியார்கோவில் இராஜம் – துரைக்கண்ணு சகோதரரிடம் பயின்று, திருவரங்கத்தில் குடியமர்ந்தார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்; 1999இல் மறைந்தார். அவரைக் குறித்துப் பேசத் தொடங்குவோர் எவரும் ‘முஸ்லிமாக இருந்தும்’ என்றே தொடங்குகின்றனர். அவ்வினா தவறன்று, அதில் நமக்கும் பெருமிதம் உண்டு. ஆனால் அதுவே முதல் வினாவும் முடிந்த வினாவுமாக அமைந்துவிட்டால், அம்மேதையை அவருடைய பெயரளவில் நிறுத்திவிடுகிறோம். பரம்பரை பரம்பரையாக ஒரு பாணியில் ஊறிய குடும்பத்தவர், வளர்ந்தபின் வேறொரு பாணியைக் கற்க முனைந்தபோது எதை மறக்க வேண்டியிருந்தது, மூச்சையும் விரலையும் எவ்வாறு மாற்ற வேண்டியிருந்தது என்பன கேட்கத்தக்க வினாக்கள். 2020இல் பத்மஸ்ரீ பெற்ற காலீஷாபி – ஷேக் மெகபூப் சுபானி இணையரிடமும் அதே ‘இருந்தும்’ என்னும் சொல்லோடு ஒலிவாங்கியை நீட்டுகின்றனர்.

நம் துறை மாணவர்கள் நன்னூலைத் தேர்வுக்காகப் படித்து மறப்பவர்கள். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைபேசியாக இருக்கிறது. திருவரங்கத்திலும் தஞ்சைச் சீமைச் சிற்றூர்களிலும் முதிய நாகசுரக்காரர்களும் சீவாளி செய்வோரும் இன்னும் வாழ்கின்றனர். விடுமுறையில் ஒரு நாள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் அமரலாம். மழைநாளில் சீவாளியை என்ன செய்வீர்கள் என்று முதலில் கேட்கலாம்.