அங்கே பீருக்குத் தனிச் சட்டம், இங்கே கள்ளுக்குத் தடை!



நியூயார்க் என்றால் மாடிக் கட்டடம்தான் நமக்கு ஞாபகம். அந்த மாநிலத்தின் உள்ளே போனால் நம்மைப் போலக் காடு கழனிதான். 2012-ல் அங்கே சட்டம் போட்டு, சிறிய பீர் ஆலைகளுக்குப் பண்ணை லைசென்ஸ் கொடுத்தார்கள். காய்ச்சின இடத்திலேயே விற்கலாம். ஆனால் மூலப்பொருளில் 20 சதவீதமாவது உள்ளூர் விவசாயி விளைவித்ததாக இருக்கணும். 2019-ல் அதை 60 சதவீதமாக உயர்த்தினார்கள். கைவிட்டுப்போன ஹாப்ஸ் கொடியை மறுபடி நட்டார்கள். அதுதான் பீருக்குக் கசப்பு. லீவு நாளில் பட்டணத்துக்காரன் காரில் ஊர் ஊராக வந்து ருசி பார்க்கிறான். திரும்பும்போது யார் ஓட்டுறதுன்னு கேக்காதீங்க, அது அவங்க பாடு!

இங்கே 1987 ஜனவரியிலிருந்து கள்ளுக்குத் தடை. கலப்படமாம். கலந்தவனை விட்டுட்டு மரத்தைப் பூட்டினார்கள். டாஸ்மாக் பிராந்தியில் நம்ம தென்னைக்கும் பனைக்கும் என்ன பங்கு? பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காடு போனால் கள்ளுக்கடை போர்டு தொங்குது. மரமும் அதே மரம்தான்.

ஊரே குடிக்கட்டும்னு நாம சொல்லலை. மரத்துக்கு லைசென்ஸ் கொடு, தோப்பிலேயே விற்க விடு, கலந்தால் லைசென்ஸைப் பிடுங்கு. வரும் கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுப்போம், வாங்க.