அழையா மடலும் எமது உடந்தையும்

மின்னஞ்சற் பெட்டியில் நாடோறும் வந்து குவியும் வேண்டா மடல்களைப் பற்றி எமது விரிவுரையாளர் பலரும் மாணவருட் பெரும்பாலாரும் கொண்டுள்ள கருத்து ஒன்றே. அது தனியாள் ஒருவரின் துப்புரவுப் பிரச்சினை. முகவரியைக் கண்டவரிடமெல்லாம் கொடுத்தவன் அதன் பலனை அனுபவிக்கிறான். விழிப்புள்ளவன் அழித்துவிட்டுத் தன் அலுவலைப் பார்க்கிறான். அண்மையிற் கருத்தரங்கொன்றிலும் இதுவே பலத்த ஆமோதிப்புடன் கூறப்பட்டது. இக்கருத்து தவறானது மாத்திரமன்று. குற்றஞ் செய்தவனைத் தப்பவிட்டு, இழப்புற்றவனைக் கூண்டில் ஏற்றுவதுமாகும்.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1978 மே 3 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் டிஜிட்டல் எக்குயிப்மென்ற் கோப்பரேசனைச் சேர்ந்த விற்பனை அலுவலர் கரி தேர்க், அர்ப்பாநெற் வலையமைப்பிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தம் நிறுவனத்தின் கணினிகளைக் காணவருமாறு ஒரே மடலை அனுப்பினார். பெற்றோர் சினந்தனர், வலையமைப்பின் பொறுப்பாளர் கண்டித்தனர். ஆயின் வழி திறந்தே கிடந்தது. 1975 இலேயே ஜொன் பொஸ்ரெல் என்னும் அறிஞர், வேண்டா மடலைத் தெரிந்து மறுக்கும் வசதி பெறுங் கணினிக்கு இல்லை எனக் குறிப்பெழுதி எச்சரித்திருந்தார். 1982 இல் அவரே எழுதி வெளியிட்ட மின்னஞ்சற் பரிமாற்ற நெறியும், அனுப்புவோன் தன் பெயரென எதைச் சொன்னாலும் நம்புவதாகவே அமைந்தது. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர் சிலரின் வலையமைப்புக்கு அந்நம்பிக்கை போதியதாயிருந்தது. சந்தைக்கு அது வாய்ப்பாயிற்று.

தபாலில் விளம்பரம் அனுப்புவோன் முத்திரை வாங்க வேண்டும். மின்னஞ்சலிலோ செலவின் பெரும்பகுதி பெறுபவனைச் சாரும். 2008 இல் கலிபோர்னியா ஆய்வாளர் சிலர் ‘ஸ்ரோம்’ எனப்பட்ட களவுக் கணினி வலையினுள் நுழைந்து கணக்கெடுத்தனர். 26 நாட்களில் ஏறத்தாழ 35 கோடி மருந்து விளம்பர மடல்கள் சென்றன. நிகழ்ந்த விற்பனை 28. அந்த 28 கொள்வனவுகளுக்காகவே ஏனைய கோடிகள் எறியப்பட்டன. எண்ணிக்கை சிறிது, எனினும் தொழில் தொடர்ந்து நடப்பது அதனாலேதான்.

பல்கலைக்கழகத்தாராகிய எமது பெட்டியை நிறைப்பவன் மருந்து விற்பவன் அல்லன், வேறொருவன். நியமனம் பெற்று ஆறு மாதமாகாத உதவி விரிவுரையாளரை அவன் ‘புகழ்பூத்த பேராசிரியர் அவர்களே’ என விளிப்பான். தமிழிலக்கணம் பற்றி எழுதியவரைச் சிறுநீரக நோய் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைப்பான். மூன்றே நாளில் மதிப்பீட்டை முடித்துக் கட்டுரையை வெளியிடுவதாக வாக்களிப்பான். ஈற்றில் டொலரிற் கட்டணம் கேட்பான். எமது முகவரி அவனுக்கு எங்ஙனம் கிடைத்தது? கட்டுரையின் முதற்பக்கத்தில் தொடர்பு முகவரியை அச்சிடுதல் ஆய்வுலகின் மரபு. பீடத்தின் இணையத்தளத்தில் அதை இடுதல் நிருவாகத்தின் விருப்பம். ‘முகவரியை மறைத்து வை’ என்னும் அறிவுரை, ஆய்வாளனை நோக்கி ‘ஆய்வாளனாயிராதே’ என்பதற்கு ஒப்பாகும்.

2005 இல் டேவிட் மசியேர், எடி கோலர் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் இருவர், மாநாடொன்றின் தொல்லை மடல்களுக்கு எதிர்ப்பாகப் பத்துப் பக்கக் கட்டுரையொன்றை எழுதினர். தம்மை முகவரிப் பட்டியலிலிருந்து நீக்குமாறு கோரும் ஏழு சொல் வாக்கியமொன்று, நாகரிகமற்ற ஒரு சொல்லும் உட்பட, தலைப்பு முதல் முடிவு வரை திரும்பத் திரும்ப வருவதே அதன் உள்ளடக்கம் முழுதும். 2014 இல் அவுஸ்திரேலிய அறிஞர் பீற்றர் வாம்ப்ளியூ, தமக்கு மடல் அனுப்பிய ஆய்விதழ் ஒன்றுக்கு அதனை அனுப்பி வைத்தார். கட்டுரை மிகச் சிறந்ததென மதிப்பிடப்பட்டு ஏற்கப்பட்டது. 150 டொலர் கேட்கப்பட்டது. இதனை வெறும் நகைச்சுவையெனத் தள்ளுவோர் 2013 இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஜோன் பொஹனன் நடத்திய சோதனையை நினைத்தல் வேண்டும். வேண்டுமென்றே பிழை மலியப் புனைந்த கட்டுரையை அவர் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

இவ்விதழ்களுக்குப் பணம் செலுத்துவோர் யாவர்? ஏமாந்தோர் சிலர் உளர். இளையோராகிய அவர்பால் எமக்கு இரக்கமுண்டு. ஆயின் தெரிந்தே செலுத்துவோரும் உளர். கட்டுரைகளை வாசியாது எண்ணிப் புள்ளியிடும் பதவியுயர்வு முறைமை நிலவும் இடமெல்லாம் அத்தகையோர் தோன்றுவர். காலையில் அம்மடலை ஏளனஞ் செய்து அழிப்பவரும், மாலையில் அதே இதழின் பெயர் காணும் விண்ணப்பத்துக்குப் புள்ளி வழங்குபவரும் ஒருவரேயாதல் கூடும். அந்த 28 கொள்வனவுகளை வேறெங்குந் தேட வேண்டியதில்லை.

வடிகட்டி இருக்கிறதே எனின், இருக்கிறது. 2002 இல் போல் கிரஹம் எழுதிய கட்டுரை, சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு மடலைத் தரம்பிரிக்கும் முறையைப் பரப்பியது. அதன் நன்மையை மறுப்பாரில்லை. 2004 இல் பில் கேற்ஸ், இரண்டாண்டில் இத்தொல்லை தீரும் என்றார், தீரவில்லை. வடிகட்டியும் பிழைவிடும். எனக்குத் தெரிந்த மாணவி ஒருவருக்கு வந்த புலமைப்பரிசில் மடல் குப்பைக் கோவையினுள் 19 நாட்கள் கிடந்தது. மறுமொழிக்குரிய தவணையோ 14 நாட்கள். அவர் கவனயீனமானவர் என்று சொல்வோர் தம் கோவையை இறுதியாக எப்போது திறந்தனர் என்பதையும் சொல்லட்டும். வாரமொருமுறை அதைத் திறந்து பார்த்தலும், அறியாதவன் மடலிலுள்ள ‘நீக்குக’ என்னும் இணைப்பை அழுத்தாதிருத்தலும் நல்ல பழக்கங்களே. அழுத்துதல், இம்முகவரியில் ஆளுண்டு என அவனுக்கு அறிவித்தலாக முடியலாம். ஆயின் பழக்கங்கள் நீதியாகா.

சட்டங்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம், பெறுபவன் வேண்டாமென்று சொல்லும்வரை விளம்பரம் அனுப்ப இடமளிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டுப் பணிப்பு, முன்கூட்டிய சம்மதத்தை விதியாக்கியது. எமது நாட்டின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே நிபந்தனையாக்குகிறது. எனது கதவைத் தட்டாதே என்று ஒவ்வொருவனிடமும் தனித்தனியே நான் சொல்ல வேண்டுமெனில், கதவு என்னுடையதன்று. பேச்சுச் சுதந்திரம் என்போர், பேசும் உரிமையையும் கேட்கக் கட்டாயப்படுத்தும் உரிமையையும் மயக்குகின்றனர்.

எமது கைக்கெட்டிய காரியம் ஒன்றுண்டு. பதவியுயர்வு விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே, செலுத்திய கட்டணத்தையும் கட்டுரை கையளித்த நாளுக்கும் ஏற்கப்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட கால அளவையும் குறிக்குமாறு கோரலாம். அதற்கு இரு நிரல்கள் போதும். அடுத்த பீடச் சபைக் கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொணரவுள்ளேன்; எதிர்த்து வாக்களிப்போர் தம் காரணங்களை எழுத்தில் தரும்படியும் கேட்பேன்.