சம்பளம் கொஞ்சம், ஷூ அதிகம்

அந்த விமானத்தில் ஏற மைக்கேல் ஜோர்டனுக்கு மனமே இல்லை. 1984ஆம் ஆண்டு. வயது 21. ஓரிகன் மாநிலத்தில் இருந்து நைக்கி என்ற கம்பெனி, ஷூ விஷயமாகப் பேச அழைத்திருந்தது. கல்லூரியில் அவர் அணிந்தது கான்வர்ஸ். ஆசைப்பட்டது அடிடாஸ். ஓட்டக்காரர்களுக்கு ஷூ செய்து பெயர் வாங்கிய கம்பெனியிடம் கூடைப்பந்து ஆட்டக்காரனுக்கு என்ன வேலை? அம்மா டெலோரிஸ் விடவில்லை. பிடிக்கிறதோ இல்லையோ, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டாவது வா என்று பிடிவாதமாக அனுப்பிவைத்தார்.

விளையாட்டு உலகில் ஒரு தாயின் பிடிவாதம் இதைவிட அதிகமாகச் சம்பாதித்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நைக்கி தர முன்வந்தது ஆண்டுக்கு 5 லட்சம் டாலர், ஐந்து ஆண்டுகளுக்கு. தொழில்முறைப் போட்டியில் இன்னும் ஒரு பந்துகூட வீசாத பையனுக்கு அது பெரிய தொகை. அதைவிட முக்கியம், ஷூவுக்கே அவர் பெயர். 'ஏர் ஜோர்டன்' என்ற பெயரைச் சூட்டியவர் அவருடைய ஏஜென்ட் டேவிட் ஃபால்க். நான்காவது ஆண்டு முடிவுக்குள் 30 லட்சம் டாலருக்கு விற்றால் போதும் என்று நைக்கி நினைத்தது. முதல் ஆண்டிலேயே விற்றது 12.6 கோடி டாலருக்கு. கறுப்பும் சிவப்பும் கலந்த அந்த ஷூ சீருடை விதிக்குப் பொருந்தவில்லை என்று லீக் ஆட்சேபித்தது. நைக்கி அந்த ஆட்சேபத்தையே விளம்பரமாக்கிவிட்டது!

சிகாகோ புல்ஸ் கொடுத்த சம்பளம் இதற்குப் பக்கத்தில் நிற்கவே முடியாது. 1988ல் அவர் கையெழுத்திட்டது எட்டு ஆண்டுகளுக்கு 2.5 கோடி டாலர் ஒப்பந்தம். அன்று அமோகமாகத் தெரிந்தது. சில ஆண்டுகளில் தொலைக்காட்சிப் பணம் பெருகி, அவரைவிடச் சாதாரண ஆட்டக்காரர்கள்கூட அவரைத் தாண்டிப் போனார்கள். ஃபோர்ப்ஸ் இதழின் 1992 கணக்கில் அவர் வருமானம் ஏறக்குறைய 3.6 கோடி டாலர். சம்பளம் அதில் சுமார் 40 லட்சம்தான். மீதியெல்லாம் ஷூ, குளிர்பானம், உள்ளாடை, காலைச் சிற்றுண்டி.

கடைசி இரண்டு சீசன்களில்தான் புல்ஸ் முதலாளி ஜெரி ரைன்ஸ்டார்ஃப் கடனைத் தீர்த்தார் என்று சொல்ல வேண்டும். 1997-98 சீசனுக்கு 3.3 கோடி டாலர். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்குமாகச் செலவிட லீக் நிர்ணயித்திருந்த உச்சவரம்பே அந்த ஆண்டு 2.7 கோடிதான், சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ள அதை மீறலாம் என்ற விதி கைகொடுத்தது. ஆனாலும் 15 சீசன்களில் அவர் வாங்கிய மொத்தச் சம்பளம் பத்துக் கோடி டாலரை எட்டவில்லை.

அதற்குக் கைமாறாக அவர் கொடுத்தது: ஆறு சாம்பியன் பட்டங்கள், 32,292 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 30. 1997 இறுதிப்போட்டியில், நிற்கவே தெம்பில்லாத உடம்போடு 38 புள்ளிகள். அடுத்த ஆண்டு அதே யூட்டா அணிக்கு எதிராக, ஆட்டம் முடிய ஐந்து விநாடி இருக்கும்போது போட்ட அந்தப் பந்து. அன்று கேபிள் டி.வி.யில் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

பணம் வந்த வழியைப் போலவே போன வழியும் பேசப்பட்டது. கோல்ஃபிலும் சீட்டிலும் பந்தயம் கட்டுவார். ஒருவருக்குக் கொடுத்த 57,000 டாலர் செக்கைக் கடன் என்று முதலில் சொன்னவர், 1992ல் நீதிமன்றத்தில் அது சூதாட்டப் பாக்கி என்று ஒப்புக்கொண்டார். அடுத்த கோடையில் அவருடைய தந்தை, சாலையோரம் காரை நிறுத்திவிட்டு ஓய்வெடுத்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபரில் ஜோர்டன் ஓய்வு அறிவித்துவிட்டு, 1994ல் பேஸ்பால் ஆடப் போனார். அங்கே சராசரிக்கும் கீழே. ஆனால் பேஸ்பால் அணிக்கும் ரைன்ஸ்டார்ஃபே முதலாளி. கூடைப்பந்துச் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்தார்.

உறுத்துகிற விஷயம் வேறு. இந்தோனேசியாவில் நைக்கி ஷூ தைத்த பெண்களின் கூலி 1990களில் பெரிய சர்ச்சையானது. அங்கே ஷூ தைக்கும் அத்தனை பேருக்கும் ஓராண்டில் கிடைத்த கூலியைவிட ஜோர்டனுக்கு நைக்கி கொடுத்தது அதிகம் என்று தொழிலாளர் ஆதரவாளர்கள் கணக்குப் போட்டார்கள். அது நைக்கி கவனிக்க வேண்டியது என்ற அளவோடு ஜோர்டன் நின்றுகொண்டார். 1990ல் அவர் வளர்ந்த வட கரோலினாவில், கறுப்பின வேட்பாளர் ஹார்வி கான்ட் செனட் தேர்தலில் நின்றார். எதிராளி, இன ஒதுக்கலுக்குப் பரிந்து பேசிய ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ். கான்ட்டுக்காக விளம்பரத்தில் பேசு என்று கேட்டவர் வேறு யாருமில்லை, அதே அம்மா. இந்த முறை மகன் கேட்கவில்லை. பண உதவி அனுப்பியதோடு சரி. குடியரசுக் கட்சிக்காரர்களும் ஷூ வாங்குகிறார்களே என்று சொன்னதாக எழுந்த பேச்சு அவரை விடாமல் துரத்தியது. நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொன்னது என்று 2020ல் வந்த ஆவணத் தொடரில் விளக்கம் தந்தார். அந்த ஆண்டுதான் அவரும் அவர் பெயரிலான நைக்கி பிரிவும் இன சமத்துவத்துக்காகப் பத்து ஆண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்கள். முப்பது ஆண்டு தாமதம், தொகை சிறியதல்ல.

முதலாளி ஜோர்டன் தனிக் கதை. 1998 தகராறின்போது, லாபம் வரவில்லை என்றால் அணியை விற்றுவிடுங்கள் என்று வாஷிங்டன் முதலாளியின் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். 2010ல் சார்லட் அணியை 27.5 கோடி டாலர் மதிப்பில் வாங்கிய பிறகு, 2011 சம்பளத் தகராறில் கடுமையாக நின்ற முதலாளிகளில் ஒருவரானார். 2011-12 சீசனில் அவருடைய அணி 66 ஆட்டங்களில் வென்றது ஏழே ஏழு. லீக் வரலாற்றிலேயே மோசமான விகிதம். 2023ல் பெரும்பான்மைப் பங்கை விற்றபோது அணியின் மதிப்பு 300 கோடி டாலர்! அவர் சரியாகச் செய்யாத வேலைதான், அவர் ஆடி வாங்கிய சம்பளத்தைப் போலப் பல மடங்கைத் தந்தது.

விற்க முடியாமல் அவர் திண்டாடியது ஒன்றே ஒன்றைத்தான். சிகாகோவுக்கு அருகே ஹைலண்ட் பார்க்கில் 56,000 சதுர அடி வீடு. உள்ளேயே கூடைப்பந்து மைதானம். வாசல் கதவில் அவருடைய சட்டை எண்ணான 23. 2012ல் அவர் கேட்டது 2.9 கோடி டாலர். ஆள் வரவில்லை. விலையை 1,48,55,000 டாலராகக் குறைத்தார். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 23 வரும். நம்மூர் எண் கணித ஜோதிடர்கள் அகமகிழ்ந்திருப்பார்கள். வீடு விற்றது 2024 டிசம்பரில், 95 லட்சத்துக்கு.