ஹைட்ரஜன் மேல் பழி போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. ஹைட்ரஜன் ஏற்றிய எதுவானாலும் விஷம், ரசாயனம் கலந்த எதையும் தொடாதீர்கள் என்று சிவப்பு எழுத்தில். நான்கு பேர் கைகூப்பியிருந்தார்கள். அதுவே இரண்டு பழைய மாணவிகளிடமும் போய், "மிஸ், இது நிஜமா?" என்று எனக்கே திரும்பி வந்தது.

பாதி நிஜம். அந்தப் பாதியைச் சரியாகப் பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பதிவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜனேற்றம் என்ற வினைக்குப் பாவ புண்ணியம் கிடையாது. அதை எங்கே நிறுத்துவது, எதற்காக நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

"எண்ணெயை வனஸ்பதியாக்கும் வினையூக்கி எது?" ஒரு மதிப்பெண் கேள்வி. "நிக்கல்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பீர்கள். அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. 1897இல் பிரான்சில் பால் சபாத்தியே, பொடியான நிக்கல் இருந்தால் எத்திலீன் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளும் என்று கண்டார். அதற்கு 1912இல் நோபல் பரிசு. 1902இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் அதையே திரவ எண்ணெய்க்குச் செய்து காப்புரிமை வாங்கினார். 1937இல் நம் நாட்டுக்கு டால்டா வந்தது. மயிலாப்பூர் வீடுகளில் காலி டால்டா டின்னில் துளசி வளர்ந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள்.

எண்ணெய் ஏன் திரவமாக இருக்கிறது? அதன் நீண்ட சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் ஒரு வளைவு இருக்கும். வளைந்த முருங்கைக்காயை நெருக்கமாகக் கட்டுக்கட்ட முடியாது; நேரானதைக் கட்டலாம். இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏறினால் சங்கிலி நேராகும், நெருங்கி அடுக்கும், உறையும். ஆனால் எல்லாப் பிணைப்பிலும் ஏற்றிவிட்டால் கிடைப்பது ஸ்டியரிக் அமிலம். உருகுநிலை சுமார் 69 டிகிரி. அது மெழுகுவர்த்திக்கு ஆகும், பூரிக்கு ஆகாது. அதனால் பாதியில் நிறுத்த வேண்டும். இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ளதில் ஒன்றை மட்டும் எடுத்து, மற்றதை விட்டுவைக்க வேண்டும். இதைத்தான் வேதியியலில் தேர்வுத்திறன் என்கிறோம்.

இங்கேதான் சிக்கல். நிக்கலின் மேல் ஒரு ஹைட்ரஜன் ஒட்டிய பிறகு, இரண்டாவது வருவதற்குள் சில மூலக்கூறுகள் ஒரு ஹைட்ரஜனை உதறிவிட்டுக் கிளம்பிவிடும். இரட்டைப் பிணைப்பு திரும்ப உண்டாகும், ஆனால் பழைய வளைவு இருக்காது. அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. வளைவுள்ள ஒலியிக் அமிலம் சுமார் 13 டிகிரியில் உருகும். அதன் டிரான்ஸ் வடிவம் உருக சுமார் 45 டிகிரி வேண்டும். சென்னை வெயிலில் திரவமாகாமல் நிற்கும் கொழுப்பு வேண்டுமென்றால் அது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெப்பத்தைக் கூட்டி, ஹைட்ரஜன் அழுத்தத்தைக் குறைத்தால் தேர்வுத்திறன் கூடும், மெழுகு குறையும். ஆனால் அதே நிலைமையில்தான் டிரான்ஸும் அதிகமாக உண்டாகும். ஆக, ஆலைகளில் கவனக்குறைவால் நடந்தது அல்ல இது. கெட்டியாக இருக்க வேண்டும், வாயில் கரைய வேண்டும், சீக்கிரம் சிக்குவாடை வரக்கூடாது என்று கேட்டார்கள். நிக்கல் அதை ஒழுங்காகச் செய்து கொடுத்தது. இதயத்துக்கு என்ன ஆகும் என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அரசாங்கமும் அப்போது வேறு கேள்விதான் கேட்டது: இதை நெய்யில் கலந்து ஏமாற்றுகிறார்களா? அதற்காக வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. காரணம் ருசி இல்லை. நல்லெண்ணெய் இருந்தால் பௌடுவான் சோதனையில் இளஞ்சிவப்பு நிறம் வரும், கலப்படம் பிடிபடும். ஆய்வுக்கூடத்தில் உருக்கிய நெய்யோடு சர்க்கரையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் குலுக்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நெய்யின் மானத்தைக் காக்க இவ்வளவு புத்திசாலித்தனமான விதி போட்ட நாடு, சாப்பிடுகிறவரின் ரத்தக் குழாயைப் பற்றி யோசிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

1990இல் நெதர்லாந்தில் மென்சிங்க், கட்டான் என்ற இருவர் செய்த ஆய்வு, டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கிறது என்று காட்டியது. 2003இல் டென்மார்க், கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் அது கூடாது என்றது. 2009இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நம் ஊர் வனஸ்பதி பிராண்டுகளைச் சோதித்தபோது, அந்த வரம்பைப் போல 5 முதல் 12 மடங்கு இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் படிப்படியாக இறங்கி, 2021இல் 3 சதவீதம், 2022 ஜனவரியில் 2 சதவீதம் என்று கொண்டுவந்தது. ஃபார்வர்டில் உள்ள பாதி நிஜம் இவ்வளவுதான்.

இனி மீதிப் பாதி.

லிண்ட்லர் வினையூக்கியை மறந்திருக்க மாட்டீர்கள். பல்லேடியத்துக்கு ஈயத்தால் வேண்டுமென்றே "விஷம்" வைத்து, அதன் வேகத்தை அடக்குவது. வகுப்பே சிரிக்கும். 1952இல் ஹெர்பர்ட் லிண்ட்லர் வெளியிட்டது. முப்பிணைப்பை இரட்டைப் பிணைப்பாக்கி, அதுவும் சிஸ் வடிவில், அங்கேயே நிற்கும். செயற்கை வைட்டமின் ஏ தயாரிப்பில் இது ஒரு முக்கியமான படி. வனஸ்பதியில் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று நம் சட்டம் சொன்ன அதே வைட்டமின் ஏ! இரண்டும் ஹைட்ரஜனேற்றம்தான். ஒன்றில் சரியான இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள், மற்றதில் சொல்லவில்லை.

இதை நான் பாடமாக மட்டும் சொல்லவில்லை. தி.நகரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணாவுக்குப் பார்க்கின்சன் நோய். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். இப்படி ஒரு ஃபார்வர்டை நம்பி, "எல்லாம் கெமிக்கல்" என்று லெவோடோபா மாத்திரையை நிறுத்திவிட்டு, பூனைக்காலி விதைப் பொடிக்கு மாறினார். சில நாட்களிலேயே கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. பாத்ரூம் வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட்டார். மன்னி பயந்துபோய் எனக்கு போன் செய்தார். டாக்டர் மறுபடி மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் நடை திரும்பியது.

வேடிக்கை என்னவென்றால், பூனைக்காலியில் இருப்பதும் அதே எல்-டோபாதான். நம் முன்னோர் அறிந்த மருந்துதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் விதைக்கு விதை அளவு மாறும்; மாத்திரையில் மாறாது. ரசாயனம் என்று பயந்து ஓடியவர் அதே ரசாயனத்திடம், அளவு தெரியாமல், போய்ச் சேர்ந்தார்.

அந்த மாத்திரையின் கதையிலும் ஹைட்ரஜனேற்றம் உண்டு. டோபா மூலக்கூறு வலது, இடது செருப்பு போல இரண்டு வடிவத்தில் வரும். மருந்தாக வேலை செய்வது ஒன்றுதான். 1970களில் மோன்சான்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ், ரோடியம் வினையூக்கியைக் கொண்டு ஹைட்ரஜன் ஒரே பக்கமாக ஏறும்படி செய்து, வேண்டிய வடிவத்தைப் பெருமளவில் தயாரித்தார். 2001 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு.

இதெல்லாம் எங்கோ நடக்கிற விஷயமும் அல்ல. அடையாறு பக்கம் சர்தார் படேல் சாலையில் தினம் எத்தனை பேர் பஸ்ஸில் போகிறோம்! அங்கே ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் 2006 முதல் தேசிய வினையூக்கி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

எனக்கு மூன்று ஆசைகள்.

ஒன்று, ஆசிரியைகளாக இருக்கும் என் மாணவிகளுக்கு. "நிக்கல்" என்று விடை வந்ததும் நகர்ந்துவிடாதீர்கள். "எங்கே நிறுத்த வேண்டும்? ஏன்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு, கடைக்காரர்களுக்கு. பாக்கெட்டில் வரும் பிஸ்கட்டுக்கு லேபிள் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் பப்ஸுக்கும் கிரீம் பன்னுக்கும் இல்லை. எந்தக் கொழுப்பில் செய்தது என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். வரம்பு 2 சதவீதம் என்று சட்டம் சொன்னால் மட்டும் போதாது, வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

மூன்று, உறவுகளுக்கு. முழுவதுமாக ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பில் டிரான்ஸ் அநேகமாக இருக்காது; ஆனால் அது நிறைவுற்ற கொழுப்பு, அதையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும். ஒரு ஃபார்வர்டைப் பார்த்து எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் என்னிடம் கேட்டாலும் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

பழைய வழக்கப்படி வீட்டுப்பாடம்: இன்று உங்கள் அடுக்களையில் இருக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, என்ன கொழுப்பு என்று பார்த்து, கமெண்ட்டில் எழுதுங்கள். பேக்கரி வைத்திருக்கும் மாணவியும் எழுதலாம், மதிப்பெண் கூடவே போடுவேன்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.