குளிரும் கூரையும்

நம் கல்லூரிப் பழைய மாணவருள் பலர் சித்திரை விடுமுறையில் மலைநாடு காணச் செல்பவர். பதுளைப் புகைவண்டியில் ஏறி நானுஓயாவில் இறங்கியதும், கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இது இங்கிலாந்தேதான்!" என வியப்பர். நுவரெலியாவுக்குச் 'சின்ன இங்கிலாந்து' என்னும் பெயர் நிலைத்துவிட்டமையே இதற்குக் காரணம். அப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதையும், அது மறைத்துவிடும் உண்மை யாது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

வட ஐரோப்பிய நகரொன்றை எடுத்துக்கொள்வோம். சுவீடன் தலைநகராகிய ஸ்டொக்ஹோமில் 1756ஆம் ஆண்டு முதலாக வெப்பநிலை நாள்தோறும் குறிக்கப்பட்டு வருகிறது. அங்கே சனவரி மாதச் சராசரி நீர் உறையும் நிலையை ஒட்டியது. யூலைச் சராசரியோ 18 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. கடல் மட்டத்துக்கு 6,100 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் எம்மாதச் சராசரியும் ஏறத்தாழ 14 பாகைக்கும் 17 பாகைக்கும் இடைப்பட்டதே. ஆகவே யூலையில் ஸ்டொக்ஹோம்வாசி ஒருவர் இங்கு வருவாராயின் அவரும் சால்வை தேடுவார்!

காரணம் எளிது. ஸ்டொக்ஹோம் 59ஆம் பாகை வட அகலக்கோட்டை அண்டியது. கோடையில் அங்கே பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பகல். மார்கழியில் ஏறக்குறைய ஆறு மணி நேரமே. 7ஆம் பாகையை அண்டிய நமக்கோ ஆண்டு முழுவதும் பகலிரவு பெரிதும் மாறுவதில்லை. நம் குளிரைத் தருவது பருவமன்று, உயரம். ஆயிரம் மீற்றர் ஏற ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். அவர்களுக்குக் குளிர் ஆண்டுக்கொரு முறை வரும் விருந்தாளி. நமக்கு ஒவ்வோர் இரவும் வருவது. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி வீழ்ந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதும் உண்டு.

வடபுலத்தார் தம் குளிரை அறிந்து வீடு கட்டினர். தடித்த சுவர், இரட்டைக் கண்ணாடி, புகைபோக்கி என யாவும் அளந்து அமைத்தனர். வெளியே நீர் உறையினும் உள்ளே குழந்தை சட்டையோடு விளையாடும். நம் மலையிலோ?

1885இல் புகைவண்டி நானுஓயாவை எட்டியது. அதற்கு முன்னரே திருச்சி, சேலம், மதுரை முதலிய வெப்பச் சீமைகளிலிருந்து அழைத்து வரப்பட்ட நம் மக்கள் இம்மலைகளில் குடியேற்றப்பட்டிருந்தனர். குளிர்நாட்டில் பிறந்த துரைமார் தம் பங்களாக்களுக்குக் கணப்பும் புகைபோக்கியும் வைத்துக்கொண்டனர். தொழிலாளருக்கு அவர்கள் வகுத்தது தகரக் கூரையிட்ட லயன் அறை. அடுப்புப் புகைக்கு வழியில்லை. கூரைக்கும் தலைக்கும் நடுவே தட்டியும் இல்லை. குளிரின் தன்மையை அறியாதார் செய்த பிழையன்று இது. நன்கறிந்தவர் தமக்கொன்று, பிறர்க்கொன்று செய்த முறை.

'உறைபனி நாடுகளைப் போல் இங்கு எவரும் குளிரால் மாள்வதில்லையே' என்பாரும் உளர். சராசரி 15 பாகை என்பது சுற்றுலாப் பயணிக்கு இன்பமே. ஆயின் ஆடி மாதச் சாரலில் நனைந்த கம்பளி உலராமல், புகை மண்டிய அறையில் இருமிக்கொண்டு விடியற்காலையில் எழும் பிள்ளைக்கு அச்சராசரி என்ன ஆறுதல் தரும்? இன்றும் பல குடும்பங்கள் லயன்களிலேயே வாழ்கின்றன. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கொழும்பு வெயிலுக்கு வரைந்த படத்தையே மலையிலும் கட்டுவோமாயின் பழைய பிழை புதிய சுவருக்குள் குடிபுகும். கூரைக்கடியில் தட்டி, அடுப்புக்குப் புகைபோக்கி, காற்றுப் புகாக் கதவு என்னும் மூன்றும் ஆடம்பரமல்ல.

நம் சங்கத்தில் பொறியியலாளர் உளர், மருத்துவர் உளர், ஆசிரியர் உளர். மலைநாட்டுப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் வைத்து, மாணவர் காலையும் மாலையும் வகுப்பறையின் உள்ளும் புறமும் அளந்து எழுதச் செய்வோமாக. ஸ்டொக்ஹோமின் நெடுங்கணக்கும் ஒருநாள் ஒருவர் எழுதிய முதல் வரியிலேதான் தொடங்கியது. அளந்தறிந்த குளிரை 'இல்லை' என்று எவரும் மறுத்தல் இயலாது. அதன்பின் வீடு வரைவோர் அக்கணக்கைப் பார்த்தே வரையவேண்டி நேரும்.

அடுத்த விழா மலர் வெளிவருமுன் அத்தகைய குறிப்பேடு ஒன்றேனும் நானுஓயாவில் திறக்கப்படுமாயின், நம் கல்லூரியன்னைக்கு நாம் சூட்டும் மாலை அதுவே.